சொந்த மேசையில் உட்காருவது தவறா?

வணக்கம். கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி, "என் இனத்தவரோடு மட்டுமே பழகுகிறேனே, இது தவறா?" என்பதுதான். தவறில்லை என்றே நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் அந்தப் பதிலோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை.

முதலாண்டில் நானும் உணவறையில் என் மொழி பேசுவோர் இருந்த மேசையைத் தேடித்தான் உட்கார்ந்தேன். பெயரை மூன்று முறை திருத்திச் சொல்ல வேண்டாத, எதற்கும் விளக்கம் கொடுக்க வேண்டாத இடம் அது. சிறுபான்மையினர் சேர்ந்து உட்கார்ந்தால் "ஏன் ஒதுங்குகிறார்கள்?" என்று கேட்பவர்களுக்கு, பெரும்பான்மையினரின் மேசைகளிலும் ஒரே இனத்தவர்தான் நிறைந்திருக்கிறார்கள் என்பது கண்ணில் படுவதே இல்லை. அந்தக் கேள்வியை எதிர்கொண்டவர்களுக்கு அதன் வலி தெரியும்.

உளவியலாளர் ஜீன் ஃபின்னி 1989இல் வெளியிட்ட ஆய்வில், இன அடையாளம் மூன்று கட்டங்களில் உருவாவதாக விளக்கினார்: அதைப் பற்றி யோசிக்காத காலம், தேடும் காலம், தெளிவடைந்த காலம். கல்லூரிக்குள் நுழையும் பலர் தேடும் காலத்தில் இருக்கிறார்கள் என்பதால், அவர்கள் தம் மக்களை நாடுவது எனக்கு இயல்பாகவே படுகிறது.

பிற இனத்தவரோடு நட்பு எனக்கு ஆய்வகத்தில்தான் வாய்த்தது. நான்கு பேருக்கும் சேர்த்து ஒரே மதிப்பெண் என்பதால், பின்னணி எதுவானாலும் ஒருவரை ஒருவர் நம்பித்தான் ஆக வேண்டியிருந்தது. உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954இலேயே, சமமான நிலை, பொதுவான இலக்கு, கூட்டு உழைப்பு, நிறுவனத்தின் ஆதரவு ஆகிய நான்கும் அமையும்போது குழுக்களுக்கிடையிலான தப்பெண்ணம் குறையும் என்று எழுதியிருந்தார். அதைப் பின்னாளில் படித்தபோது எங்கள் ஆய்வகமே நினைவுக்கு வந்தது. ஒரே மாலையில் முடிந்துவிடும் பண்பாட்டு விழாக்களால் நட்பு வளர்வதை நான் பார்த்ததில்லை. நெருங்கிய நட்பு உருவாக 200 மணி நேரத்துக்கும் மேல் ஆகலாம் என்று தொடர்பியல் ஆய்வாளர் ஜெஃப்ரி ஹால் கணக்கிட்டிருக்கிறார். வாராவாரம் ஒரே வேலையில் கூடுபவர்களுக்குத்தான் அத்தனை நேரம் கிடைக்கும்.

இரண்டாம் பருவத்தில் ஒரு நாள், ஆய்வகத் தோழி என் பெயரின் நெடிலைச் சரியாக உச்சரிக்கக் கற்றுத்தரச் சொன்னாள். சரியாக வரும்வரை விடவே இல்லை. அவளுடைய பெயரை எல்லோரும் சுருக்கி அழைத்ததுபோலவே நானும் அதுவரை அழைத்துவந்திருந்தேன் என்பதும், முழுப் பெயரை ஒரு முறைகூடக் கேட்டதில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. அன்றே கேட்டேன். அது அவள் பாட்டியின் பெயர் என்று தொடங்கி, அந்தப் பாட்டி எந்த மொழியில் பேசினார், அந்த மொழி தன் வீட்டில் எப்படி நின்றுபோனது என்றெல்லாம் அவள் சொல்லச் சொல்ல, ஆய்வகத்தைப் பூட்டும் நேரமே வந்துவிட்டது.