கூட்டாளியே முதுகில் குத்துகிறான், ஷோகன் 2 ஏமாற்றுகிறதா? நேயர் கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வி, ஷோகன் 2 என்கிற கம்ப்யூட்டர் கேம் பற்றி. பதினாறாம் நூற்றாண்டு ஜப்பானில் ஒரு குலத்தை எடுத்துக்கொண்டு, டர்ன் டர்னாக (முறை வைத்து) நாட்டைப் பிடிக்கிற வியூக விளையாட்டு. ஷோகன் என்றால் நாட்டின் ராணுவ ஆட்சியாளர். கேள்வி கொஞ்சம் கோபமாகவே வந்திருக்கிறது, படித்துவிடுகிறேன்.

"டோட்டல் வார்: ஷோகன் 2-இல் ஷிமாசு குலத்தை எடுத்து ஆடுகிறேன். கியூஷு தீவு முழுக்க என் கையில். கடல் தாண்டிப் போய் பெரிய தீவான ஹொன்ஷுவின் மேற்குப் பக்கத்திலும் பாதியைப் பிடித்துவிட்டேன். பக்கத்து ஷிகோகு தீவின் சோசோகாபே குலம் ஆரம்பத்திலிருந்தே என் கூட்டாளி, கல்யாண சம்பந்தமும் வைத்திருக்கிறேன். திடீரென்று ஷோகன் என்னை எதிரி என்று அறிவிக்கிறார். அதோடு நாட்டில் இருக்கிற எல்லோரும் வரிசையாகப் போர் அறிவிக்கிறார்கள், சோசோகாபே உட்பட. நாலைந்து டர்னில் கஜானா காலி. இது கேம் செய்கிற அழுகுணி ஆட்டமா, இல்லை நான் ஏதாவது தப்பு பண்ணினேனா ப்ரோ?"

சரி. இதற்குப் பேர் ரியல்ம் டிவைட், அதாவது நாடே உங்களுக்கு எதிராகப் பிரிந்து நிற்பது. ஷோகன் 2 வந்தது 2011-இல். அன்றிலிருந்து இன்றுவரை இந்த கேமைப் பற்றி அதிகம் திட்டு வாங்கிய விஷயம் இதுதான். முதலில் அது எப்படி வருகிறது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "திடீரென்று" வருவதில்லை. உங்கள் குலத்தின் புகழ் ஒரு அளவுகோலில் ஏறிக்கொண்டே இருக்கும். குலத்துக்கான திரையைத் திறந்தால் அது தெரியும். மாகாணம் பிடித்தால் ஏறும், சண்டையில் ஜெயித்தாலும் ஏறும். அது நிரம்பினால் ரியல்ம் டிவைட். நிரம்புவதற்கு முன்னாலேயே தலைநகர் கியோட்டோவைப் பிடித்துவிட்டால் உடனே ரியல்ம் டிவைட். அதற்கப்புறம் எல்லாக் குலங்களோடும் உங்கள் உறவில் ஒரு மைனஸ் விழும், அது ஒவ்வொரு டர்னும் கூடிக்கொண்டே போகும். நீங்கள் பெண் கொடுத்தது, பரிசு கொடுத்தது, சேர்ந்து சண்டை போட்டது எல்லாம் பிளஸ் பக்கம் இருக்கும். ஆனால் பிளஸ் அப்படியே நிற்கும், மைனஸ் வளரும். அதனால்தான் சோசோகாபே முதல் நாளே வரவில்லை, சில டர்ன் தாக்குப்பிடித்துவிட்டு வந்தான். கவனித்திருப்பீர்கள்.

இதை ஏன் வைத்தார்கள்? இந்த மாதிரி கேம்களில் பாதி வரைபடம் கையில் வந்துவிட்டால் மீதிப் பாதி வெறும் கூலி வேலை. எதிரியிடம் ஒரு மாகாணம், உங்களிடம் இருபது. அதில் என்ன சுவாரசியம்? கடைசி வரைக்கும் பயம் இருக்க வேண்டும் என்று போட்ட பூட்டு இது. ஆனால் அந்தப் பூட்டை அவர்கள் சும்மா கற்பனையில் செய்யவில்லை, ஜப்பான் வரலாற்றிலிருந்து எடுத்திருக்கிறார்கள்.

ஓடா நொபுநாகா என்கிற குலத்தலைவர் 1568-இல் அஷிகாகா யோஷியாகியைக் கூட்டிக்கொண்டு கியோட்டோவுக்குள் நுழைந்து அவரை ஷோகன் ஆக்குகிறார். அதே யோஷியாகி கொஞ்ச காலத்தில் நாலா பக்கமும் கடிதம் எழுத ஆரம்பிக்கிறார், நொபுநாகாவை ஒழியுங்கள் என்று. 1570-இல் நொபுநாகா வடக்கே எச்சிசென் மாகாணத்து அசாகுரா குலத்தை அடிக்கக் கிளம்புகிறார். போகிற வழியில் பின்பக்கம் இருப்பது அசாய் நகமாசா. நொபுநாகாவின் தங்கை ஓஇச்சியைக் கட்டிய மாப்பிள்ளை. அந்த மாப்பிள்ளை அசாகுரா பக்கம் சாய்ந்துவிட்டார். ஓஇச்சி அண்ணனுக்கு ஒரு துணிப்பையில் பயறு போட்டு, இரண்டு முனையையும் கட்டி அனுப்பினாள் என்று ஒரு கதை உண்டு. முன்னாலும் அடைப்பு, பின்னாலும் அடைப்பு என்று அர்த்தமாம். கதை நிஜமோ இல்லையோ, நொபுநாகா கனேகசாகியிலிருந்து அவசரமாகப் பின்வாங்கியது நிஜம். அப்புறம் ஹொங்கன்ஜி மடம், ஹியெய் மலைத் துறவிகள், கடைசியில் தக்கேடா குலத்தலைவர் ஷிங்கென் என்று சுற்றிவளைப்பு இறுகுகிறது. 1573 ஆரம்பத்தில் ஷிங்கென், மிகாதகஹாராவில் நொபுநாகாவின் கூட்டாளி தொகுகாவா இயெயாசுவை அடித்து நொறுக்குகிறார். அதே வருஷம் ஷிங்கென் நோயில் செத்துப்போகிறார். நொபுநாகாவுக்கு அப்படி ஒரு அதிர்ஷ்டம். அதே வருஷமே யோஷியாகியைக் கியோட்டோவை விட்டுத் துரத்திவிட்டு, அசாகுராவையும் அசாயையும் முடித்துக் கட்டுகிறார்.

உங்கள் ஷிமாசு கதைக்கு இன்னும் நெருக்கமான ஒன்று இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. நிஜத்திலும் ஷிமாசு குலம் கியூஷுவை ஏறக்குறைய முழுங்கிவிட்டது. பங்கோ மாகாணத்து ஓதோமோ சோரின் நேராக, நொபுநாகாவுக்குப் பிறகு நாட்டை ஒன்றாக்கிக்கொண்டிருந்த தோயோதோமி ஹிதெயோஷியிடம் போய் உதவி கேட்கிறார். ஹிதெயோஷி முதலில் அனுப்பிய படையில் யார் இருந்தது தெரியுமா? சோசோகாபே மொதொசிகா. 1585-இல் ஹிதெயோஷியிடம் தோற்றுப் பணிந்தவர், அவருடைய உத்தரவில் கியூஷுவுக்கு வருகிறார். 1587 ஜனவரியில் ஹெத்சுகி ஆற்றங்கரையில் ஷிமாசு படை அவர்களைத் துவம்சம் செய்தது. மொதொசிகாவின் மூத்த மகன் நொபுசிகா அங்கேதான் இறந்தார். ஆனால் ஷிமாசுவுக்கு அந்த வெற்றி நாலு மாதம்கூடத் தாங்கவில்லை. ஹிதெயோஷியே பெரும்படையோடு வந்து இறங்கினார். ஷிமாசு யோஷிஹிசா தலையை மழித்துக்கொண்டு போய்ச் சரணடைந்தார். சத்சுமா, ஓசுமி, ஹியூகாவில் ஒரு பகுதி, அவ்வளவுதான் மிஞ்சியது. ஆக, உங்கள் திரையில் சோசோகாபே கப்பல் கியூஷு கரைக்கு வந்ததைப் பார்த்து ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அதற்காக கேம் செய்வது முழுக்க நியாயம் என்றும் நான் சொல்ல மாட்டேன். நொபுநாகாவைச் சுற்றி வளைத்தபோதும் ஒருவர் கடைசிவரை கூட நின்றார், இயெயாசு. 1562-இல் போட்ட கூட்டணி, 1582-இல் நொபுநாகா சாகும்வரை முறியவில்லை. உவெசுகி குலத்தலைவர் கென்ஷின்கூட கொஞ்ச காலம் நொபுநாகாவோடு கைகோத்துத்தான் இருந்தார், பிறகுதான் பிரிந்தார். ஷோகன் 2-இல் உங்களுக்கு ஒரு இயெயாசு கிடைக்கவே மாட்டான். வடகோடியில் இருக்கிற தாத்தே குலத்துக்குக் கியூஷுக்காரன் மேல் என்ன பகை? ஒன்றுமில்லை. ஆனாலும் போர். இந்த இடத்தில் உங்கள் கோபம் சரியானது.

இப்போது கஜானா விஷயம். உங்கள் தப்பு இங்கேதான் இருக்கிறது. ஷிமாசு வைத்து ஆடுகிற எல்லோரும் செய்வதைத்தான் நீங்களும் செய்திருப்பீர்கள். மேற்குக் கடலில் வணிக முனைகள் (கப்பலை நிறுத்திச் சரக்கு எடுக்கிற இடங்கள்) பக்கத்திலேயே இருக்கின்றன, வணிகக் கப்பலைக் கொண்டுபோய் நிறுத்தினால் பட்டும் பருத்தியும் வந்துகொண்டே இருக்கும், ஏழெட்டுக் குலத்தோடு வணிக ஒப்பந்தம், பணம் கொட்டும். அந்தப் பணத்தை நம்பிப் படை திரட்டியிருப்பீர்கள். ரியல்ம் டிவைட் வந்ததும் போர் அறிவிக்கிற ஒவ்வொருவனும் ஒரு வணிக ஒப்பந்தத்தையும் கூடவே கிழிக்கிறான். கப்பல் அங்கேயே நிற்கும், சரக்கு இருக்கும், வாங்க ஆள் இருக்காது. படைக்கான செலவு மட்டும் குறையாது. நாலைந்து டர்னில் காலியாகாமல் என்ன ஆகும்?

ஆகவே நான் செய்கிற ஒரு சோதனையைச் சொல்கிறேன். புகழ் நிரம்பப்போகிறது என்று தெரிந்ததும் நிறுத்துங்கள். புது மாகாணம் வேண்டாம். நிதித் திரையைத் திறந்து, ஒரு டர்னுக்கு மிச்சமாகிற கோகுவிலிருந்து (கேமில் பணத்துக்கு அதுதான் பேர்) வணிக வருமானத்தை மொத்தமாகக் கழியுங்கள். அப்படிக் கழித்த பிறகும் பிளஸில் இருந்தால் நீங்கள் தயார். மைனஸ் என்றால் இன்னும் தயாராகவில்லை, ஒரு படையைக் கூட்டினாலும் மூழ்கிவிடுவீர்கள். பிளஸுக்குக் கொண்டுவர வழி நிலம்தான். வயல்களை மேம்படுத்துங்கள், சந்தையைக் கட்டுங்கள், ஆராய்ச்சித் திரையில் 'சி' (Chi) என்கிற நிர்வாகப் பக்கத்துக் கலைகளில் வரிக்கும் விவசாயத்துக்கும் உள்ளதை முடித்துவிடுங்கள். மெத்சுகேக்களை (உளவாளிகளைப் பிடிக்கிற உங்கள் அதிகாரிகளை) ஊருக்கு ஊர் சும்மா ஓடவிடாமல் வருமானம் அதிகமுள்ள ஊர்களில் உட்கார வையுங்கள், வரியும் கூடும், எதிரி நிஞ்ஜாவும் மாட்டுவான். ஒரு எச்சரிக்கை: கோட்டையைப் பெரிதாக்கினால் அது அரிசி தின்னும், பெரிய சந்தையும் தின்னும். அரிசி மைனஸில் போனால் ஊருக்கு ஊர் கலகம். எல்லாக் கோட்டையையும் சிட்டடல் என்கிற பெருங்கோட்டை ஆக்கி அழகு பார்க்கிற ஆசையை விட்டுவிடுங்கள். எல்லையில் இருக்கிற இரண்டு மூன்றுக்கு மட்டும் போதும். ரொம்ப நாள் காத்திருக்கவும் முடியாது. வருஷத்துக்கு நாலு டர்ன், குறுகிய கேம்பெயின் 1575-இல் முடிந்துவிடும், நீண்டது 1600-இல். கெடு ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

தயாரானதும் மெதுவாக ஒவ்வொன்றாகப் பிடித்து ரியல்ம் டிவைடுக்குள் நுழையாதீர்கள். படைகளை எல்லைகளில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, ஒரே பருவத்தில் மூன்று நான்கு மாகாணத்தை அடியுங்கள். எப்படியும் எதிரியாகப் போகிறவர்கள், அவர்கள் படை திரட்டுவதற்கு முன்னால் பாதிப் பேரைக் காலி பண்ணிவிடலாம். சோசோகாபே மாதிரிக் கூட்டாளியைத் தாக்க வேண்டாம், ஒப்பந்தத்தை முறித்தால் உங்கள் தைம்யோவின் (குலத்தலைவரின்) மானம்தான் குறையும். ஆனால் ஷிகோகுவைப் பார்த்த கரையைக் காலியாக விடாமல் ஒரு படையை வைத்திருங்கள். ஏஐ, அதாவது கம்ப்யூட்டர் ஆடுகிற எதிரி, நேருக்கு நேர் வருவதைவிடக் கப்பலில் வந்து முதுகுப்பக்கம் இறங்குவதை ரொம்ப விரும்பும்.

முதல் பத்து டர்ன் தற்காப்புதான். இங்கே சாமுராய்க்கு ஆசைப்படாதீர்கள், யாரி அஷிகாருவும் (ஈட்டி ஏந்திய சாதாரண காலாள்) வில் அஷிகாருவும் போதும், செலவும் கம்மி. கோட்டைக்குள் இருந்தால் எதிரி மதில் ஏறித்தான் வர வேண்டும். ஏறும்போதே சிலர் கீழே விழுந்து சாவார்கள், மேலே வருகிறவன் களைத்துப் போய் வருவான். மதில் மேல் வில்லாளிகளை நிறுத்தி அம்பு விடுங்கள். அவன் கை மதிலைத் தொட்டதும் அவர்களைப் பின்னால் இழுத்துவிட்டு, கொஞ்சம் உள்ளே தள்ளி யாரி அஷிகாருவை ஈட்டிச் சுவராக நிறுத்துங்கள். இந்த ஈட்டிச் சுவர் அஷிகாருவுக்குத்தான் உண்டு, யாரி சாமுராய்க்குக் கிடையாது. ஒரே குறை, அது சீக்கிரம் திரும்பாது. பக்கவாட்டில் வருகிறவனைப் பார்த்துக்கொள்ள உங்கள் ஷிமாசு கட்டானா (வாள்) சாமுராயில் இரண்டு பிரிவை ஒதுக்கி வையுங்கள், அந்தக் குலத்தின் பலமே அவர்கள்தான். வெளியில் பெரிய படை ஒன்று வருகிறது, உங்களிடம் ஆளில்லை என்றால், ஒரு நிஞ்ஜாவை அனுப்பி அந்தப் படையை ஒரு டர்ன் நகராமல் செய்யலாம். அந்த ஒரு டர்ன் பல தடவை ஒரு மாகாணத்தைக் காப்பாற்றும்.

அப்புறம் சிற்றரசு. ரியல்ம் டிவைடுக்கு முன்னால் கப்பம் கட்ட வைத்தவன், அது வந்ததும் பொதுவாகத் திரும்பிவிடுவான். அதற்குப் பிறகு பிடித்துச் சிற்றரசாக விடுகிறவன் பெரும்பாலும் உங்களோடு நிற்பான், வணிகமும் செய்வான். கையில் வைத்துக் கட்டுப்படுத்த முடியாத தூரத்து மாகாணத்தை இப்படி விட்டுவிடுங்கள். அறுந்த வணிகத்தில் கொஞ்சம் இதில் திரும்பி வரும்.

இவ்வளவு சொன்ன பிறகும் "கூட்டாளி துரோகம் பண்ணுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது" என்றால், 2012-இல் வந்த ஃபால் ஆஃப் த சாமுராய் ஆடிப் பாருங்கள். அது 1864-இல் ஆரம்பிக்கிறது. அங்கேயும் ரியல்ம் டிவைட் உண்டு, ஆனால் பேரரசர் பக்கமா, ஷோகன் பக்கமா என்று நீங்கள் தேர்ந்தெடுக்கிறீர்கள், உங்கள் பக்கம் இருக்கிற குலங்கள் உங்களோடேயே நிற்கும். தனிக் குடியரசு என்று அறிவித்தால் மட்டும் பழையபடி எல்லோரும் எதிரி. இந்தத் திட்டுகளை அவர்களும் கேட்டிருப்பார்கள் போலிருக்கிறது.

இப்போது ஓடுகிற கேம்பெயினை அழித்துவிடாதீர்கள். ரியல்ம் டிவைடுக்கு முந்தைய சேவ் இருந்தால் அங்கே போய் அந்த நிதிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இல்லையென்றால் ஹொன்ஷுவில் பிடித்ததை ஒவ்வொன்றாகக் கைவிட்டு, ஷிமோனோசெகி ஜலசந்திக்கு இந்தப் பக்கம் வந்துவிடுங்கள். படையில் பாதியைக் கலைத்தாலும் பரவாயில்லை. கியூஷு மட்டும் இருந்தாலே மறுபடி எழுந்துவிடலாம்.