கேத்தலின் அடியைப் பாருங்கள்

எல்லோருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். நான் மட்டக்களப்புக் கல்லடியில் மின்சாரச் சாமான்கள் திருத்துகிற ஆள். மின்விசிறி, கிரைண்டர், ஸ்திரிக்கைப் பெட்டி என்றுதான் கடைக்கு வரும். இப்போது கொஞ்ச காலமாகக் கோப்பி மெசின்களும் வருகின்றன. கட்டாரிலிருந்தோ சவூதியிலிருந்தோ மகனோ மருமகனோ கொண்டுவந்து தந்தது, கெப்சூலைப் போட்டுப் பொத்தானை அமுக்கினால் ஒரு கோப்பை கோப்பி ஊற்றித் தரும், அந்த வகை மெசின். அதில் பாதிக்குமேல் பழுதே இல்லை. உள்ளே அடைத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அடைப்பை எடுக்க என்னிடம் வரவே தேவையில்லை, வீட்டிலேயே செய்யலாம். அதைச் சொல்லத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

காத்தான்குடியிலிருந்து ஒரு உம்மா துவாயில் சுற்றி ஒரு மெசின் கொண்டுவந்தா. "மகன், கோப்பி அரைக் கோப்பைதான் வருது, அதுவும் ஆறிப்போய் வருது, சத்தம் மட்டும் பெரிசு, இதை இனி எறியத்தானா?" என்று கேட்டா. கழற்றிப் பார்த்தால் சூடாக்குகிற பகுதியிலிருந்து வருகிற குழாயின் உள்சுவர் முழுக்க வெள்ளையாக, முட்டை ஓட்டுத் துண்டுகளைப் போலப் படிந்து, தண்ணீர் போக நடுவில் ஈர்க்கு நுழைகிற அளவுக்குத்தான் வழி இருந்தது. ஒரு துண்டைச் சுரண்டி எடுத்துச் சாசரில் வைத்து இரண்டு சொட்டுப் புளித்தண்ணீர் விட்டேன். சுர்ரென்று நுரைத்துக் கரையத் தொடங்கியது. அவ குனிந்து பார்த்துவிட்டு, "இது வெத்திலைக்குப் போடுற சுண்ணாம்பு மாதிரியெல்லோ" என்றா. சரியாகச் சொன்னா, இரண்டும் ஒரே குடும்பம்தான். டப்பாவைத் திறந்து வைத்தால் வெற்றிலைச் சுண்ணாம்பு காற்றுப்பட்டு எதுவாக இறுகுகிறதோ, குழாயில் இருந்ததும் அதே கல்சியம் காபனேற்றுதான்.

அது எங்கிருந்து வந்தது என்றால், கிணற்றிலிருந்து. நாங்கள் கடலுக்கும் வாவிக்கும் நடுவே மணல்மேல் இருக்கிறோம். மழைத்தண்ணீர் அந்த மணலுக்குள் இறங்கும்போது சிப்பி, சங்குத் தூளில் இருக்கிற கல்சியத்தையும் கரைத்துக்கொண்டுதான் கிணற்றுக்கு வருகிறது. பள்ளிக்கூடத்தில் வன்னீர் என்று படித்தோமே, அதுதான். பச்சைத் தண்ணீராக இருக்கும்வரை கண்ணுக்குத் தெரியாது. சூடேறும்போது கரைந்திருந்த காபனீரொட்சைட்டு வெளியே போய்விடும், கல்சியம் காபனேற்றாகி, சூடு எங்கே கூடுதலோ அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். கோப்பி மெசினில் அப்படிச் சூடான இடம் ஒரு மெல்லிய குழாய்தான். அந்தப் படிவு சூட்டைத் தண்ணீருக்கு விடாமல் தடுக்கும், அதனால் கோப்பி ஆறி வரும். வழி ஒடுங்கியதால் பம்ப் கஷ்டப்பட்டு இழுக்கும், அதுதான் அந்தப் பெரிய சத்தம்.

மெசினோடு வருகிற புத்தகத்தில் மூன்று மாதம், ஆறு மாதம் என்று ஒரு கணக்குப் போட்டிருப்பார்கள். உங்கள் கிணறு எப்படி என்று அந்தப் புத்தகத்துக்குத் தெரியாது. உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் குழாயில் வருகிற வீட்டுக்கும், அதே ஒழுங்கையில் கிணற்றுத் தண்ணீரை மோட்டரால் தொட்டிக்கு ஏற்றுகிற வீட்டுக்கும் ஒரே கணக்குச் சரிவராது. அதனால் நான் ஆட்களுக்குச் சொல்வது, உங்கள் கேத்தலின் அடியைப் பாருங்கள். தேத்தண்ணிக்குக் கொதிக்க வைக்கிற அதே கேத்தல். நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு நாளை எண்ணத் தொடங்குங்கள், அடியில் விரலால் தடவினால் சொரசொரவென்று படுகிறதா, எத்தனை கிழமையில் படுகிறது என்று பாருங்கள். ஒரு மாதத்திலேயே வெள்ளை கட்டினால் மெசினுக்கும் மாதம் ஒருமுறை. மூன்று மாதமானாலும் பளபளவென்று இருந்தால் நீங்களும் புத்தகக் கணக்கிலேயே போகலாம். மெசினுக்குள்ளே எட்டிப் பார்க்க முடியாது, கேத்தலுக்குள்ளே பார்க்கலாம்.

உவர் வேறு, வன்மை வேறு. வெயில் காலத்தில் வாவிக்கரைக் கிணறுகள் உவர்த்துப்போகும், அது கறியுப்பு வகை. அது இந்த மாதிரி ஓடு கட்டாது, ஆனால் உலோகத்தை அரிக்கும். வடிகட்டி ஜக்கில் விட்டாலும் உவர் போகாது. அந்த மாதங்களில் மெசினுக்கு மட்டுமாவது குழாய்த் தண்ணீரோ போத்தல் தண்ணீரோ பாவியுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் ப்ளக்கைக் கழற்றி ஆறவிடுங்கள். தண்ணீர்த் தொட்டி, கீழே சிந்துவதை ஏந்துகிற தட்டு இரண்டையும் பாத்திரம் கழுவுகிற சோப்பால் மெதுவான ஸ்பொஞ்சில் கழுவுங்கள். அப்புறம் கெப்சூலைக் குத்துகிற ஊசி. பல மெசின்களில் மேலே ஒன்று, கீழே ஒன்று இருக்கும். கோப்பித் தூள் அதற்குள் போய் இறுகிவிடும். கடதாசிக் கிளிப் ஒன்றை நிமிர்த்தி அந்தத் துளைக்குள் விட்டு மெல்லத் திருப்பி எடுங்கள், கறுப்பாகச் சேறு மாதிரி வரும். ஊசி கூர், விரலைக் கவனியுங்கள். எங்கள் வீடுகளில் இது சீக்கிரம் அடைக்கிறதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கெப்சூல் விலைக்குக் கட்டுப்படியாகாமல், திரும்பத் திரும்ப நிரப்புகிற கெப்சூலை வாங்கி, வேர்க்கொம்பும் மல்லியும் சேர்த்து இடித்த வீட்டுக் கோப்பித் தூளைப் போடுகிறார்கள். ருசி எனக்கும் பிடிக்கும், ஆனால் அந்தத் தூள் மா மாதிரி நைஸ், ஊசிக்குள் களியாகிவிடும். வீட்டுத் தூள் என்றால் கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைத்து வடிகட்டிக் குடியுங்கள், மெசினுக்குக் கொஞ்சம் பரும்படியாக அரைத்ததைப் போடுங்கள்.

படிவைக் கரைக்கப் புளிப்பு வேண்டும். கேக் சாமான் விற்கிற கடைகளில் சிற்றிக் அசிட் வெள்ளைச் சீனி மாதிரிக் கிடைக்கும், அதுதான் என் தெரிவு. இளஞ்சூடான தண்ணீர் ஒரு லீற்றருக்கு 2 மேசைக்கரண்டி, ஏறக்குறைய 30 கிராம். நன்றாகக் கரைந்ததா பாருங்கள். தொட்டிக்குள் கரி வடிகட்டி இருந்தால் எடுத்து வையுங்கள். கரைத்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றி, ப்ளக்கைத் திரும்ப மாட்டுங்கள். கெப்சூல் போடாமல், கீழே பெரிய பாத்திரம் ஒன்று வைத்து, பாதித் தண்ணீரை ஓடவிடுங்கள். படிவு எடுப்பதற்கென்றே தனிப் பொத்தான் உள்ள மெசின் என்றால் அந்த வழியிலேயே போங்கள். பிறகு நிறுத்தி 20 நிமிடம் சும்மா விடுங்கள், உள்ளே நுரைத்துக் கரையட்டும். மிச்சத்தையும் ஓட்டுங்கள். முதல் பாத்திரத்துத் தண்ணீர் கலங்கலாக, சில வேளை வெள்ளைத் துகளோடு வரும், பயப்பட வேண்டாம், அதைத்தான் எடுக்கப் பார்த்தோம். கடைசியில் நல்ல தண்ணீர் 2 தொட்டி முழுக்க ஓட்டுங்கள், நாக்கில் வைத்துப் பார்த்தால் புளிப்பே இருக்கக் கூடாது.

கூடப் போட்டால் கூடச் சுத்தமாகும் என்று நினைக்காதீர்கள். அளவு மீறிய சிற்றிக் அசிட் சூட்டில் கல்சியத்தோடு சேர்ந்து வேறொரு வெள்ளைப் படிவாக உட்கார்ந்துவிடும், அதைக் கரைப்பது இன்னும் கஷ்டம். தொழிலுக்கு வந்த புதிதில் நான் ஒரு மெசினுக்குள் கடுமையாகக் கலந்து விடிய விடிய ஊறவிட்டேன். காலையில் பார்த்தால் றப்பர் வாசர் கெட்டு மெசினின் அடியெல்லாம் ஒழுக்கு. என் கைக்காசில் வாசர் வாங்கிப் போட்டுக் கொடுத்தேன். அதன் பிறகு அரை மணித்தியாலத்துக்கு மேல் எதையும் ஊறவிடுவதில்லை.

வினாகிரி விடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கரைக்கும், ஆனால் மணம் நாள்கணக்கில் நிற்கும், றப்பருக்கும் நல்லதில்லை. நெஸ்பிரசோ மெசின்களுக்கு வினாகிரி விடவே வேண்டாம் என்று அந்தக் கொம்பனியே சொல்லியிருக்கிறது. தேசிக்காய் கேத்தலுக்கு நல்லது, மெசினுக்கு வேண்டாம், சக்கை போய் அடைக்கும். துணி வெளுக்கிற குளோரின் திரவத்தை மட்டும் எந்தக் காரணத்துக்கும் இந்தப் பக்கம் கொண்டு வராதீர்கள். அது புளிப்போடு சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். சின்னக் குசினி, ஜன்னலும் சாத்தியிருந்தால் ஆபத்து.

கனடாவிலிருந்து மெசின் கொண்டுவருகிறவர்களுக்கும் ஒரு சொல். அங்கே 120 வோல்ட், இங்கே 230. அடப்டர் ப்ளக்கை மாட்டிக் குத்தினால் அதோடு சரி, அதை நான் இல்லை, யாராலும் படிவு எடுத்துக் காப்பாற்ற முடியாது. கொண்டுவர முன்னமே, எத்தனை வோல்ட் என்று மெசினின் அடியில் ஒட்டியிருக்கிற துண்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பாருங்கள்.

அந்த உம்மாவின் மெசினுக்கு அன்று மூன்று முறை சிற்றிக் அசிட் தண்ணீர் ஓட்ட வேண்டியிருந்தது. நாலாவது முறை நல்ல தண்ணீர் ஓட்டும்போது கோப்பை நிறைந்து ஆவி பறந்தது. துவாயில் திரும்பச் சுற்றிக் கொடுத்தேன், சிற்றிக் அசிட் எவ்வளவு என்று ஒரு துண்டில் எழுதியும் கொடுத்தேன்.

இன்னொன்று, மழைக்காலம் வருகிறது. பெருநாளுக்கோ பொங்கலுக்கோ ஊருக்குப் போகிறவர்கள் மெசினின் தொட்டியையும் அந்தச் சிந்தல் தட்டையும் ஊற்றி, துடைத்து, கவிழ்த்து வைத்துவிட்டுப் போங்கள். தட்டில் நிற்கிற கொஞ்சத் தண்ணீரிலேயே டெங்கு நுளம்பு முட்டையிடும், ஒரு கிழமை கொஞ்சம் கூடப் போனால் குடம்பி நுளம்பாகிப் பறந்துவிடும். குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் இருக்கிற தட்டையும் அப்படியே பார்த்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.