உசிலம்பட்டியில் உசிலை எங்கே?

(தை மாதம், உசிலம்பட்டி அருகே ஒரு கிராமத்து மந்தையில் பேசியது)

பெரியவர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்தபோது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நாலு பேரிடம் ஒரு கொத்து இலையைக் காட்டி, இது என்ன மரம் என்று கேட்டேன். மூன்று பேருக்குத் தெரியவில்லை. கடைசியாக நின்ற சின்னப்பெண் மட்டும் வாங்கிக் கசக்கி மோந்து பார்த்துவிட்டு, "எங்க அப்பத்தா தலைக்குத் தேய்ச்சுவிடுமே, அரப்பு!" என்றாள். அரப்புதான். உசிலை இலையைக் காயவைத்து இடித்தால் அரப்பு. உசிலம்பட்டிக்குப் பேர் கொடுத்த மரம் அது என்று இங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே சொல்வார்கள்.

நம் பக்கத்து ஊர்ப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். வாகைக்குளம், இலுப்பைக்குடி, ஆலம்பட்டி, புளியங்குளம். மதுரைக்கே கடம்பவனம் என்று பேர். மீனாட்சியம்மன் கோயிலின் தலமரம் கடம்பு. எந்த மண்ணில் எது வளரும் என்பதை முன்னோர் ஊர்ப் பேரிலேயே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நாமோ மரம் நடும் விழா என்றால் எங்கிருந்தோ வண்டியில் வந்து இறங்கும் கன்றுக்குக் காத்திருக்கிறோம். வந்த கன்று இந்த ஊர் வெயிலுக்குத் தாங்குமா, இதன் பூவுக்குத் தேனீ வருமா, பழத்துக்குக் குயில் வருமா என்று யாரும் கேட்பதில்லை.

கண்மாய்க்குள் நிற்கிற சீமைக் கருவேலத்தைப் பாருங்கள். மெக்சிகோ, தென்னமெரிக்கா பக்கத்து மரம். 2017-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையே அதை அகற்றச் சொன்னது. ஆனாலும் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? மேலே வெட்டினால் தூரிலிருந்து துளிர்க்கும். ஆடு மாடு நெற்றைத் தின்று, சாணத்தோடும் புழுக்கையோடும் ஊரெங்கும் விதைத்துவிடும். வெட்டிய இடத்தைச் சும்மா விட்டால் மறுபடி அதுதான் முளைக்கும். அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்களும் இருக்கின்றன. அதனால் ஒரே நாளில் வழித்தெடுக்கச் சொல்ல மாட்டேன். ஒரு துண்டு நிலத்தில் தூரோடு பிடுங்குவோம், அங்கே நம் மரத்தை வைப்போம், அது வேர் பிடித்த பிறகு அடுத்த துண்டுக்குப் போவோம். வெட்டின முள்ளே கன்றுக்கு வேலி. ஆடு கிட்டே வராது.

ஒரு தவற்றையும் சொல்லியாக வேண்டும். கன்று வளர்க்கத் தொடங்கின முதல் வருஷம் ஆடியில் நாங்கள் சாக்குச் சாக்காக நாவல் கொட்டை பொறுக்கினோம். புளியங்கொட்டையைப் போலவே மொட்டைமாடியில் நன்றாகக் காயப்போட்டு, டப்பாவில் அடைத்து, மழை வரட்டும் என்று புரட்டாசி வரை வைத்திருந்து பைகளில் ஊன்றினோம். தினமும் தண்ணீர் தெளித்தோம். ஒன்றுகூட முளைக்கவில்லை. நாவல் கொட்டை காய்ந்தால் உயிர் போய்விடும். பழம் விழுந்த சூட்டோடு ஊன்ற வேண்டும். வேப்பங்கொட்டைக்கும் சில வாரம்தான் ஆயுசு. உசிலை, வாகை அப்படியில்லை. தோல் கெட்டி, டப்பாவில் காத்திருக்கும். ஊன்றுவதற்கு முந்தின ராத்திரி சுடுதண்ணீரில் போட்டு ஊறவைத்தால் போதும். அன்று இங்கிருக்கிற ஏதாவது ஒரு பாட்டியிடம் கேட்டிருந்தால் அத்தனை உயிர் வீணாகியிருக்காது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

ஆகவே தொண்டர்களாக வருகிறவர்களிடம் நடவு நாளுக்கு வாருங்கள் என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கு எல்லோரும் வருவார்கள், போட்டோவும் எடுப்பார்கள். எனக்கு வேண்டியவர்கள் பங்குனி, சித்திரை, வைகாசியில் குடம் தூக்குகிறவர்கள். ஒரு வீட்டுக்கு இரண்டு கன்று. தூரடியில் ஓட்டைப் பானை ஒன்றைப் புதைத்து, ஓட்டையில் துணித்திரி சொருகி, தண்ணீர் ஊற்றி மூடிவிட்டால் சொட்டுச் சொட்டாக வேருக்கு இறங்கும். இப்படி மூன்று கோடை பார்த்துவிட்டால், பிறகு உசிலை நம்மிடம் தண்ணீர் கேட்காது.

நம்மால் ஆகுமா என்று நினைக்காதீர்கள். மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 ஹெக்டேர், 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அந்த வட்டாரத்துக்கு டங்ஸ்டன் சுரங்கம் வரவிருந்தபோது ஊர் ஊராக ஜனங்கள் திரண்டார்கள். 2025 ஜனவரியில் அந்தச் சுரங்க ஏலம் ரத்தானது. இடையபட்டி வெள்ளிமலைக் கோயில்காட்டில் உசிலை இன்றும் காடாகவே நிற்கிறது. சாமி காடு என்று ஜனங்கள் கைவைக்காமல் காத்ததுதான் காரணம். ஒருதரம் போய் அந்த நிழலில் நின்றுவிட்டு வாருங்கள்.

நம் கண்மாய்க் கரையில், அய்யனார் கோயிலுக்குத் தெற்கே, மூன்று உசிலை மிச்சம் இருக்கிறது. காலையில் போய்ப் பார்த்தேன். நெற்றெல்லாம் காய்ந்து காற்றில் கலகலக்கிறது. இன்னும் பத்து நாளில் வெடித்துக் கொட்டிவிடும். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு அங்கே இருப்பேன். ஆளுக்கொரு மஞ்சப்பை எடுத்து வாருங்கள். அந்தச் சின்னப்பெண்ணின் அப்பத்தா இங்கே இருந்தால், நீங்களும் அவசியம் வரவேண்டும் அம்மா. எது முற்றின நெற்று, எது பூச்சி அரித்தது என்று எங்களுக்குக் காட்டித் தர வேண்டும்.