முதல் காசு நாற்றங்காலுக்கு

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். வளரும் கால்பந்து நாடுகளின் தேசிய அணியை உயர்த்துவது பெரிய பயிற்சியாளரா, சிறுவர் பயிற்சியா என்பது தலைப்பு. சிறுவர் பயிற்சியே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தோழி, 2002 உலகக் கோப்பையில் தென்கொரியாவை அரையிறுதிவரை கொண்டுபோன பயிற்சியாளர் கூஸ் ஹிடிங்கைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். நானும் தட்டினேன். ஆனால் அவர் போய் இறங்கிய நாடு எப்படிப்பட்டது? 1983இலேயே தொழில்முறை லீக் தொடங்கிய நாடு. 1986 முதல் 1998 வரை நான்கு உலகக் கோப்பையிலும் ஆடிய நாடு. விளைந்து நின்ற வயலில் இறங்கி அறுத்தவர் ஹிடிங். கெட்டிக்காரக் கை, மறுக்கவில்லை. நாற்றே விடாத வயலுக்கு அப்படி ஒருவரைக் கூப்பிட்டால் என்ன ஆகும்? சீனா கூப்பிட்டது. 2006இல் இத்தாலிக்கு உலகக் கோப்பை வாங்கிக் கொடுத்த பயிற்சியாளர் மார்செல்லோ லிப்பியையே அழைத்து வந்தது. பிரேசிலில் பிறந்த ஆட்டக்காரர் எல்கெசனுக்குக் குடியுரிமையும் கொடுத்தது. 2002இல் ஆடியதுதான், அதற்குப் பிறகு ஒரு உலகக் கோப்பைக்குக்கூட அது தகுதி பெறவில்லை.

ஐஸ்லாந்தைப் பாருங்கள். அப்போது மூன்றரை லட்சம் பேர்கூட இல்லாத தீவு, 2016இல் ஐரோப்பிய நாடுகளின் கோப்பைப் போட்டியான யூரோவில் இங்கிலாந்தை 2-1 என்று வென்றது. அங்கே டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும். வெளியே பனியும் காற்றும். அதனால் 2000இலிருந்து கூரை போட்ட முழு அளவு மைதானங்களைக் கட்டினார்கள். பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பவரும் முறையாகப் படித்து உரிமம் வாங்கியவராக இருக்க வேண்டும் என்றார்கள். ஸ்வீடன்காரர் லாகர்பெக் பயிற்சியாளராக வந்தாரே என்பீர்கள். வந்தார். அவர் வரும் முன்பே, 2011இல், அந்தப் பிள்ளைகள் 21 வயதுக்குட்பட்டோர் யூரோவில் ஆடிவிட்டார்கள்!

போன மாதம் எங்கள் ஊர் மைதானத்தில் நின்றேன். 25 பிள்ளைகள், ஒரே பந்து. ஓரமாக ஓடிக்கொண்டிருந்த ஒரு சிறுமியை மட்டும் கவனித்து எண்ணினேன். ஒரு மணி நேரத்தில் அவள் காலில் பந்து பட்டது ஆறே தடவை. ஆறு தடவை தொட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற பிள்ளைக்குப் பந்தை நிறுத்தத் தெரியுமா, திருப்பத் தெரியுமா? இருபது வயதில் எந்த ஹிடிங் வந்து இதைச் சரிசெய்வார்? பெரிய பயிற்சியாளருக்கு எண்ணி வைக்கும் சம்பளத்தில் முதல் பங்கு இந்தப் பிள்ளைகளின் பந்துக்கும், பக்கத்தில் நிற்கும் விளையாட்டு ஆசிரியரின் படிப்புக்கும் போகட்டும் என்கிறேன்.

மணி அடித்துவிட்டீர்கள். உஸ்பெகிஸ்தானை மட்டும் சொல்லிவிட்டு உட்காருகிறேன். 2012இல் 16 வயதுக்குட்பட்டோர் ஆசியக் கோப்பை, 2018இல் 23 வயதுக்குட்பட்டோர் கோப்பை, 2023இல் 20 வயதுக்குட்பட்டோர் கோப்பை எனப் படிப்படியாக வந்த நாடு அது. 2023இல் கோப்பையைத் தூக்கிய அணியின் ஆட்டக்காரர் குசானோவ், 2025 ஜனவரியில் இங்கிலாந்தின் பெரிய கிளப்பான மான்செஸ்டர் சிட்டிக்குப் போனார். அதே ஆண்டு ஜூனில் அபுதாபியில் ஐக்கிய அரபு அமீரகத்தோடு 0-0. அந்த ஒரு புள்ளியில் முதல் முறையாக உலகக் கோப்பைக்குத் தகுதி. அதற்கு ஒன்றரை மாதம் முன்பு, சவூதி மண்ணில், 17 வயதுக்குட்பட்டோர் ஆசியக் கோப்பை இறுதி ஆட்டம். இரண்டு பேர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறிவிட்டார்கள். மிச்சம் இருந்த ஒன்பது உஸ்பெக் பையன்கள் சவூதியை 2-0 என்று வென்றார்கள், நடுவர் அவர்களே!