பாட்டு எப்போது வரும்?

நேயர்களுக்கு வணக்கம். பழைய படம் ஒன்றைப் பற்றிப் பேசும்படி வானொலி நிலையத்தார் கேட்டபோது, எந்தப் படம் என்று நான் யோசிக்கவே தேவைப்படவில்லை. 1954 ஏப்ரல் 13 அன்று வெளிவந்த ஏவி.எம்.மின் ‘அந்த நாள்’ படத்தைப் பற்றித்தான், கேட்க ஆள் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், பல வருடங்களாகப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

கதை நிகழும் காலம் 1943. ஜப்பானியர் சென்னையின் மீது குண்டு வீசிய நேரம். வானொலிப் பொறியாளன் ராஜன் தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்படுகிறான். துப்பறிய வரும் அதிகாரி சிவானந்தம் ஒவ்வொருவராக விசாரிக்கிறார். எதிர்வீட்டுச் சின்னையா பிள்ளை, ராஜனின் தம்பி பட்டாபியைச் சந்தேகிக்கிறார். பட்டாபியோ தன் மனைவி ஹேமாவையே கைகாட்டுகிறான். ஹேமா, ராஜனோடு பழகிய அம்புஜத்தைச் சொல்கிறாள். அம்புஜம் சின்னையா பிள்ளையைச் சொல்கிறாள். இப்படிச் சுட்டுவிரல் ஒரு சுற்றுச் சுற்றித் தொடங்கிய வாசலுக்கே வந்து சேருகிறது. ஜாவர் சீதாராமன் எழுதிய திரைக்கதை வசனம் இது. சிவானந்தமாக நடித்தவரும் அவரே.

இந்தப் படத்தில் ஒரு பாட்டுக்கூட இல்லை. இதை நான் இந்த உரையில் இன்னும் சில முறை சொல்லக்கூடும், பொறுத்தருள வேண்டும். வசனத்தைவிடப் பாட்டையே நம்பி மக்கள் கொட்டகைக்கு வந்த காலம் அது. என் தந்தையார் இதை முதல் வெளியீட்டிலேயே பார்த்தவர். பக்கத்து இருக்கைக்காரர் கால் மணிக்கு ஒரு தரம் அவர் பக்கம் சாய்ந்து, “பாட்டு எப்போ வரும்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். இடைவேளைக்குப் பிறகு அந்த இருக்கை காலியாகவே கிடந்ததாம். என் தாயாரும் அதே படத்தைப் பார்த்தவர்தான்; ஆனால் அதில் அருமையான பாட்டு ஒன்று உண்டு என்று அவர் சாதிப்பார். மெட்டைக்கூட முனகிக் காட்டுவார். தந்தையார் இல்லை என்பார். தாயார் உண்டு என்பார். சிறுவர்களான நாங்கள் கட்சி பிரிந்து நிற்போம். பல வருடங்கள் கழித்துத் தொலைக்காட்சியில் அந்தப் படத்தை முதல் காட்சியிலிருந்து கடைசி வரை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். பாட்டு வரவில்லை. தாயார் கொஞ்சமும் அசராமல், “வெட்டிவிட்டார்கள்” என்றார். ஒரே சம்பவத்தைக் கண்ட நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்லும் கதை எங்கள் கூடத்திலேயே நடந்துகொண்டிருந்தது என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

பாட்டை வேண்டாம் என்று ஒதுக்கிய இயக்குநர் சங்கீதம் அறியாதவர் அல்லர் என்பதுதான் இதில் வேடிக்கை. அவர் வீணை எஸ். பாலசந்தர், அப்போது அவருக்கு வயது 27. இசையையே உயிராகக் கொண்ட ஒருவருக்குத்தான் எந்த இடத்தில் அதை நிறுத்த வேண்டும் என்பது தெரிந்திருக்கிறது. பாட்டு இல்லாதபோது நம் காது சும்மா இருப்பதில்லை. சாட்சி சொல்பவர் எங்கே தயங்குகிறார், எந்தச் சொல்லை விழுங்குகிறார் என்று அது தேடத் தொடங்கிவிடுகிறது. கண்ணை மூடிக்கொண்டு இந்தப் படத்தைக் கேட்டுப் பாருங்கள் என்று வானொலி நேயர்களாகிய உங்களிடம் நான் துணிந்து சொல்வேன்.

ஜப்பானிய இயக்குநர் குரோசவாவின் ‘ரஷோமான்’ படத்தின் சாயல் இதில் இருப்பதாக எல்லோரும் சொல்வார்கள். கட்டமைப்பு அங்கிருந்து வந்தது உண்மைதான். ஆனால் அதில் கொள்ளைக்காரனும், மனைவியும், ஆவியாகப் பேசும் இறந்தவனும் ஆளுக்கு ஆள் சாவுக்குத் தாமே காரணம் என்கிறார்கள். இங்கே எல்லோரும் பழியை அடுத்தவர் தலையில் போடுகிறார்கள். சொத்துப் பங்கு, கடன், பொறாமை என்று ஒரு கூட்டுக் குடும்பத்தின் உள்புகைச்சல் முழுவதும் இந்தச் சிறு மாற்றத்தின் வழியாகவே படத்துக்குள் நுழைந்துவிடுகிறது. இரவல் வாங்கிய சட்டத்துக்குள் நம் வீட்டு முகங்களைப் பொருத்தியதால்தான், படம் வந்த சூட்டில் சரியாக ஓடாவிட்டாலும், இன்றும் புதிதாகப் பார்ப்பவரை அது இழுத்து உட்காரவைக்கிறது என்பது என் கட்சி.

சிவாஜி கணேசனைச் சொல்லாமல் முடிக்க முடியாது. ‘பராசக்தி’ வந்து இரண்டு வருடம்கூட ஆகாத நிலையில், நாட்டு ரகசியங்களை எதிரிக்கு விற்கிற ராஜனாக நடிக்க அவர் ஒப்புக்கொண்டார். ராஜன் பிறவிக் கயவன் அல்லன். ஏழைகளும் வாங்கக்கூடிய மலிவான வானொலிப் பெட்டி செய்ய விரும்பி, அரசாங்கத்தின் உதவி கிடைக்காமல் மனம் கசந்தவன். ஒவ்வொருவர் சொல்லும் கதையிலும் அவன் ஒவ்வோர் ஆளாகத் தெரிகிறான்; முகம் மட்டும்தான் ஒன்று.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். மாருதி ராவின் ஒளிப்பதிவைப் பற்றியும், ராஜனின் மனைவி உஷாவாக வரும் பண்டரிபாயின் அடக்கமான நடிப்பைப் பற்றியும் குறித்து வைத்திருந்த இரண்டு பக்கங்களை இப்படியே மடித்து வைக்கிறேன். கொலையாளி யார் என்று சொல்ல எனக்கு நேரமும் இல்லை, மனமும் இல்லை. வணக்கம்.