தயிர்சாதம் எந்தச் சக்கரத்துக்கு? ஆறு ஆதாரம் – கலர் சார்ட் இல்லாத விளக்கம்

(திரையில்: தலைவாழை இலை. அதில் ஏழு நைவேத்தியம்.)

வணக்கம் மக்களே! இலையில என்னென்ன இருக்குன்னு பாருங்க. பால் பாயசம், நெய்ச்சோறு, சர்க்கரைப் பொங்கல், தயிர்சாதம், பாசிப்பருப்புப் பொங்கல், மஞ்சள் சாதம், ஓரத்துல எல்லாத்துலயும் ஒரு கரண்டி. கல்யாணப் பந்தி இல்லீங்க இது. மூலாதாரத்துல தொடங்கி உச்சந்தலை வரைக்கும் ஒவ்வொரு சக்கரத்துக்கும் என்ன படைக்கணும்னு எழுதி வச்ச மெனு. எழுதினது எந்த ஃபுட் விளாகரும் இல்ல. வெள்ளிக்கிழமை சாயங்காலம் உங்க தெருக் கோயில்ல பெண்கள் கூடி உட்கார்ந்து பாராயணம் பண்றாங்களே, அந்த லலிதா சஹஸ்ரநாமத்துலதான் இருக்கு.

இதுல தயிர்சாதம் யாருக்கு? கெஸ் பண்ணி கமெண்ட்ல போட்டுட்டு மேல பாருங்க. ஓட்டிப் பாத்துட்டு வந்து போடக் கூடாது.

(திரையில்: முதுகுத்தண்டு படம்)

அடிப்படையை ஒரே மூச்சுல முடிச்சிடுறேன். மூச்சு சக்தி ஓடுற வழிக்கு நாடின்னு பேரு. முக்கியமானது மூணு: முதுகுத்தண்டின் நடுவுல சுழுமுனை, இடப்பக்கம் இடகலை, வலப்பக்கம் பிங்கலை. சுழுமுனையில ஆறு இடம்: மூலாதாரம் அடியில, சுவாதிட்டானம் குறிக்குப் பின்னால, மணிபூரகம் தொப்புள் மட்டத்துல, அநாகதம் நெஞ்சுல, விசுத்தி தொண்டையில, ஆக்ஞை புருவ மத்தியில. அடியில குண்டலினிங்கிற சக்தி, தூங்குற பாம்பு மாதிரி மூணரைச் சுத்தா சுருண்டு கிடக்குது. அது எழுந்து ஆறையும் துளைச்சுக்கிட்டு உச்சிக்குப் போறதுதான் யோகம். கதைச் சுருக்கம் அவ்வளவுதான்.

சக்கரம் ஏழுன்னு கேட்டிருப்பீங்க. வடமொழி நூல்கள் பெரும்பாலும் 'ஷட் சக்ரம்'னு ஆறோட நிறுத்தும். உச்சியில இருக்குற சஹஸ்ராரம் போய்ச் சேர்ற இடம். கடைசி ஸ்டாப்பை வழியில நிக்கிற ஸ்டாப்போட சேர்த்து எண்றதில்ல. தமிழ்ல இது இன்னும் தெளிவு. திருமந்திரத்தோட நாலாம் தந்திரத்துல 'சக்கரம்'னு வந்தா, கோடும் கட்டமும் போட்டு எழுத்து அடைக்கிற யந்திரம். உடம்புல இருக்குற இடத்துக்குப் பேர் ஆதாரம். மனசு பிடிச்சுக்க ஒரு பிடிமானம். ஆறுக்கும் மேல போயிட்டா நிராதாரம், அதாவது பிடிமானமே வேண்டாத நிலை. இந்த ரெண்டு சொல்லை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, இன்னைக்கு வீடியோல பாதி முடிஞ்ச மாதிரி.

(திரையில்: 4 + 6 + 10 + 12 + 16 + 2)

அடுத்து ஒரு கணக்கு. திருமந்திரம் ஏழாம் தந்திரம், ஆறாதாரம் பகுதி, 'நாலும் இருமூன்றும் ஈரைந்தும் ஈராறும்'னு ஆரம்பிக்குது. வாய்ப்பாடு மாதிரி இருக்குல்ல? நாலு, ஆறு, பத்து, பன்னெண்டு, அப்புறம் பதினாறு, கடைசியா ரெண்டு. தாமரை இதழ்களோட எண்ணிக்கை. கூட்டுங்க. 50. வடமொழி எழுத்துகளும் இந்த முறையில 50. ஒரு இதழுக்கு ஒரு எழுத்து.

எழுத்தைப் பங்கு போட்ட விதத்தைக் கவனிங்க. விசுத்திக்கு 16 இதழ், அங்க 16 உயிரெழுத்தும் வருது. உயிரெழுத்து பிறக்கிற தொண்டையிலயே உயிரெழுத்தை உட்கார வச்சிருக்காங்க! நெஞ்சுல 'க'வுல இருந்து 12 எழுத்து. தொப்புள்ல அடுத்த 10, அதுக்குக் கீழ 6, மூலாதாரத்துல 4. மிச்சம் இருக்குற ஹ, க்ஷ ரெண்டும் புருவ மத்தியில. சஹஸ்ராரத்துக்கு 1000 இதழ் எப்படி வந்துச்சு? 50 எழுத்தும் 20 தடவை. அகராதி வரிசை தொண்டையில தொடங்கி, கீழ இறங்கி, கடைசியில நெத்திக்குத் தாவுது. இந்த இறக்கத்தை மறந்துடாதீங்க, மெனுவுல திரும்ப வரும்.

பூஜையில இதுக்கு 'அந்தர் மாத்ருகா நியாசம்'னு பேரு. ஒவ்வொரு இதழ்லயும் அந்தந்த எழுத்தை மனசால வைக்கிறது. அப்படின்னா சக்கரம்ங்கிறது கிட்னி, லிவர் மாதிரி அறுத்துப் பார்த்தா கிடைக்கிற சாமான் இல்ல. 'இங்க இதை நினை, இங்க இந்த எழுத்தை வை'ன்னு சொல்ற தியான வரைபடம். அதனாலதான் மரபுக்கு மரபு எண்ணிக்கையே மாறுது. ஹேவஜ்ர தந்திரம்னு ஒரு பௌத்த நூல். அதுல சக்கரம் நாலே நாலு. தொப்புள்ல 64 இதழ், நெஞ்சுல 8, தொண்டையில 16, தலையில 32. யார் சொல்றது சரின்னு சண்டை போட இடமே இல்ல; பயிற்சி வேற, வரைபடம் வேற.

(திரையில்: மறுபடியும் வாழையிலை)

சரி, பந்திக்கு வாங்க. எனக்கு இந்தப் பகுதிதான் ரொம்பப் பிடிச்சது. நீளமா போகும், மன்னிச்சுக்கோங்க.

சஹஸ்ரநாமத்துல 475-ஆவது நாமம் 'விசுத்தி சக்ர நிலயா'. அங்கிருந்து 534 வரைக்கும் ஏழு யோகினிகளைப் பத்தி, அதாவது அந்தந்த இடத்துல குடியிருக்குற தேவிகளைப் பத்தி, ஒரே ஃபார்மட்ல தகவல் வருது. எங்க இருக்கா, என்ன நிறம், எத்தனை முகம், தோல், ரத்தம் மாதிரி உடம்புல எந்தத் தாதுவுக்கு அதிபதி, எந்தச் சோறு பிடிக்கும், பேர் என்ன. பயோடேட்டா மாதிரி.

முதல் ஆள் டாகினி, தொண்டையில. ஒரு முகம், தோலுக்கு அதிபதி, பிடிச்சது பாயசம். அடுத்து ராகினி, நெஞ்சுல. ரெண்டு முகம், ரத்தம், நெய்ச்சோறு. லாகினி தொப்புள்ல, மூணு முகம், சதை, வெல்லச் சோறு. நாலாவது காகினி, இடம் சுவாதிட்டானம். நாலு முகம், கொழுப்புக்கு அதிபதி. 'தத்யன்னாஸக்த ஹ்ருதயா'. ததி-ன்னா தயிர். தயிர்சாதத்துல மனசைப் பறிகொடுத்தவள்! சுவாதிட்டானம்னு கமெண்ட் போட்டவங்க கைதட்டிக்கலாம்.

ஐந்தாவது சாகினி, மூலாதாரத்துல. அஞ்சு முகம், எலும்பு, பாசிப்பருப்புச் சோறு. ஆறாவது ஹாகினி, புருவ மத்தியில. ஆறு முகம், எலும்புக்குள்ள இருக்குற மஜ்ஜை, மஞ்சள் சோறு. கடைசியா யாகினி, உச்சியில. எல்லாப் பக்கமும் முகம், சுக்கிலம் (விந்து), எல்லாச் சோறும்.

இப்ப ஒரு கேள்வி வரணுமே? எல்லாரும் மூலாதாரத்துல தொடங்கி மேல ஏறும்போது, இங்க ஏன் தொண்டையில ஆரம்பிச்சு கீழ இறங்கி, அப்புறம் நெத்திக்கு ஒரு தாவு? எழுத்து வரிசையும் இப்படித்தானே வந்துச்சு! அதோட தாதுக்களை மட்டும் வரிசையா படிங்க. தோல், ரத்தம், சதை, கொழுப்பு, எலும்பு, மஜ்ஜை, சுக்கிலம். வெளியில இருந்து உள்ள. ஆயுர்வேதத்துல சப்த தாதுன்னு சொல்ற ஏழு படிக்கட்டுதான்; அங்க முதல் படி மட்டும் தோலுக்குப் பதிலா ரசம். முகமும் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு கூடிக்கிட்டே போகுது. அகராதியையும் வைத்தியத்தையும் ஒரே உடம்புல பின்னியிருக்காங்க. ஆயிரம் நாமத்தையும் வேகமா சொல்லிட்டுப் போற நமக்கு இந்தப் பின்னல் கண்ணுலயே படாது.

இன்னொண்ணு. வங்காளத்துல பூர்ணானந்தர் 1577-ல எழுதின 'ஷட் சக்ர நிரூபணம்' இதே டாகினியை மூலாதாரத்துல உட்கார வைக்குது. அங்கிருந்து ராகினி, லாகினின்னு மேல ஏறுது. ஆட்கள் அதேதான், வீடு மட்டும் மாறியிருக்கு.

அதுக்காக 'தயிர்சாதம் சாப்பிட்டா சுவாதிட்டானம் திறக்கும்'னு யாராவது ரீல்ஸ் போட்டுடாதீங்க. இது நைவேத்தியம், மருந்துச் சீட்டு இல்ல. கொழுப்புக்கு அதிபதிக்குத் தயிர்சாதம்னா கூட நம்ம கொலஸ்ட்ரால் ரிப்போர்ட் மாறாது.

(திரையில்: வானவில் நிறத்தில் ஏழு சக்கரம் போட்ட ஸ்டிக்கர்)

இந்தப் படம் எல்லா யோகா ஸ்டுடியோ சுவத்துலயும் இருக்கும். கீழ சிவப்பு, மேல ஊதா. பழைய நூல்கள்ல இந்த வரிசை கிடையாது. சஹஸ்ரநாமத்துலயே பாருங்க: தொண்டைத் தேவி இளஞ்சிவப்பு, ஸ்டிக்கர்ல நீலம். தொப்புள் தேவி ரத்தச் சிவப்பு, ஸ்டிக்கர்ல மஞ்சள். சுவாதிட்டானத் தேவிதான் மஞ்சள், ஸ்டிக்கர்ல ஆரஞ்சு. பூர்ணானந்தர் மணிபூரகத்தோட இதழை மழைமேகக் கருமைன்னு சொல்றார். வானவில் வரிசை மேற்கத்தியர் கைபட்டு வந்தது. 1970-களுக்கு அப்புறம்தான் இப்படி உலகம் முழுக்கப் பரவுச்சு.

அதுக்கு வழி போட்டதுல சென்னைக்கும் பங்கு உண்டு! கல்கத்தா ஹைகோர்ட் ஜட்ஜ் ஜான் உட்ராஃப் பூர்ணானந்தரை ஆங்கிலத்துக்குக் கொண்டு போனது 1919-ல. பிற்காலப் பதிப்புகளை அச்சுப் போட்டது மதராஸ் கணேஷ் அண்ட் கோ. அடையாறு பிரம்மஞான சபையோட லெட்பீட்டர் 1927-ல சக்கரங்கள் பத்தி ஒரு புத்தகம் போட்டார். அவர் சுவாதிட்டானத்தைத் தூக்கிட்டு அந்த இடத்துல மண்ணீரலை வச்சுட்டார். பாவம், தயிர்சாதக்காரிக்கு இருக்க இடமே இல்லாமப் போச்சு.

ஆதாரத்துக்கு ஒரு கோயில்னு சொல்ற கணக்கும் வேணும்னு கேப்பீங்க: திருவாரூர், திருவானைக்கா, திருவண்ணாமலை, சிதம்பரம், காளத்தி, காசி. மூலாதாரத்துல இருந்து வரிசையா வச்சுக்கோங்க. இதுக்குத் தனி வீடியோதான் போடணும்.

(திரையில்: பிள்ளையார்)

இப்ப பயிற்சி. விநாயகர் அகவல்ல ஒரு வரி: 'மூலாதாரத்தின் மூண்டெழு கனலைக் காலால் எழுப்பும் கருத்தறிவித்தே'. காலால எழுப்புறதா, உதைச்சா? இல்லீங்க. கால்-னா காற்று, மூச்சு. முழு ரகசியமும் அந்த ஒரு சொல்லுக்குள்ள இருக்கு. பிள்ளையார்கிட்ட ஏன் இதைக் கேக்குறாங்க? தமிழ் மரபுல மூலாதாரம் அவரோட வீடு, எழுத்து ஓம். அதுக்கு மேல இருக்குற அஞ்சு ஆதாரத்துல ந, ம, சி, வா, ய. வடமொழி முறையில லம், வம், ரம், யம், ஹம், ஓம். எதை வேணும்னாலும் எடுத்துக்கோங்க. இன்னைக்கு இது, நாளைக்கு அதுன்னு மாத்திக்கிட்டே இருந்தா மனசு எழுத்தைத் தேடிக்கிட்டே இருக்கும், இடத்துல நிக்காது.

அளவு? திருமூலர் சொல்றது 16 மாத்திரை (மாத்திரைன்னா இங்க நேர அளவு) உள்ள இழுக்க, 64 நிறுத்த, 32 வெளிய விட. ஒரு மாத்திரையை ஒரு செகண்டுன்னு வச்சாலும் ஒரு மூச்சுக்கு 112 செகண்ட். இதைப் பாத்துட்டு இன்னைக்கே மூச்சைப் பிடிக்காதீங்க. தலைசுத்தல்தான் வரும். ரத்த அழுத்தம், இதய நோய், கண் அழுத்தம் உள்ளவங்க, கர்ப்பிணிகள் மூச்சை நிறுத்தவே வேண்டாம்.

முதல் ஆறு மாசத்துக்கு இது போதும். சாப்பிட்டு மூணு மணி நேரம் ஆகியிருக்கணும். நாலா மடிச்ச போர்வை மேல, முட்டியை விட இடுப்பு உயரமா இருக்குற மாதிரி உட்காருங்க. 4 எண்ணி இழுங்க, 8 எண்ணி விடுங்க. நிறுத்தல் கிடையாது. மூலாதாரத்துல தொடங்கி ஒவ்வொரு ஆதாரமா மேல போங்க; மூச்சு விடும்போது அந்த இடத்துல மனசை வச்சு, அதோட எழுத்தை உள்ளுக்குள்ள சொல்லுங்க. ஒரு இடத்துக்கு 5 மூச்சு. ஆறு இடத்துக்கும் 30 மூச்சு, ஆறு நிமிஷம். அப்புறம் நெத்தியில இருந்து கீழ, இடத்துக்கு ஒரு மூச்சுன்னு இறங்கி வாங்க. இறங்காம நெத்தியிலயே முடிச்சுட்டு எழுந்தா தலை கனமா இருக்கும். நிறைய பேர் தப்பு பண்றது இங்கதான்.

மூலாதாரம் எங்கன்னு குழப்பமா? திருமூலர் அளந்தே சொல்லிட்டார்: மலவாசலுக்கு இரண்டு விரல் மேல, கருவாசலுக்கு இரண்டு விரல் கீழ. அந்த இடத்தை இறுக்கிப் பிடிக்காதீங்க. இறுக்கினா மூச்சும் சேர்ந்து இறுகும். மத்த இடங்களையும் நெஞ்சுத் தோல்ல, வயித்துத் தோல்ல தேடாதீங்க. முன்பக்கம் தொட்டுக் காட்டுறது அடையாளத்துக்கு மட்டும்தான், இடம் உள்ள தண்டுப் பக்கம். புருவ மத்தின்னதும் கண்ணைச் சுருக்கி மேல முறைக்கிறாங்க. பத்தே நிமிஷத்துல தலைவலி. கண்ணை மூடித் தளர்வா விட்டுடுங்க, மனசு மட்டும் போனா போதும். 8 எண்றதுக்குள்ள மூச்சு தீர்ந்து போய் கடைசி மூணை அவசரமா எண்ணினீங்கன்னா, 3-க்கு 6-ன்னு குறைச்சுக்கோங்க.

'மேல ஏதோ ஏறுது, குறுகுறுங்குது, குண்டலினியா?'ன்னு கேக்குறவங்களுக்கு: கால்ல மட்டும்னா, மடிச்ச காலு மரத்துப் போச்சு. விரல் நுனியிலயும் உதட்டுலயும்னா, மூச்சை வேகமா விட்டிருக்கீங்க. ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு குறைஞ்சா அப்படித்தான் இருக்கும். தூக்கமே போச்சு, காரணமில்லாத பயம் வருதுன்னா பயிற்சியை நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க. 'உங்க அநாகதம் பிளாக் ஆயிருக்கு'ன்னு காசு கேக்குறவர்கிட்ட போகாதீங்க. பழைய நூல்கள்ல அடைபட்டுக் கிடக்கிறது சுழுமுனையோட வாசல். குண்டலினி தலையை வச்சு மூடியிருக்கு. ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியா சர்வீஸ் பண்ற பேச்சே அங்க இல்ல.

பூதசுத்தின்னு, உடம்புல இருக்குற அஞ்சு பூதத்தையும் ஒண்ணுல ஒண்ணா ஒடுக்குற ஒரு தியானம் இருக்கு. அதுல நடக்கிறதும் வேற. மண் நீர்ல கரையுது, நீர் தீயில வத்துது, தீ காத்துல, காத்து ஆகாயத்துல அடங்குது. ஒவ்வொரு ஆதாரத்துல ஏறும்போதும் கீழ இருந்தது மேல இருக்கிறதுல ஒடுங்குது. சொல்லி வச்ச முதல் சொல் ஞாபகம் இருக்கா? ஆதாரம். ஏற ஏற ஒவ்வொரு பிடியா விட்டுக்கிட்டே போகணும். அதுக்கப்புறம்தான் ரெண்டாவது சொல்லு, நிராதாரம்.

உங்க வீட்டுல, உங்க ஊர்க் கோயில்ல வெள்ளிக்கிழமை அம்மனுக்கு என்ன சாதம்? ஊர்ப் பேரோட கமெண்ட்ல போடுங்க. எந்த யோகினிக்கு அதிக ஓட்டுன்னு அடுத்த வீடியோல எண்ணிப் பாத்துடலாம். காகினிதான் ஜெயிப்பாங்கன்னு எனக்கு ஒரு சந்தேகம்.