பன்னிரண்டாவது மாதத்துக் கதை

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நண்பர்களுக்கு வணக்கம்.

இந்த ஆண்டின் சிறந்த சிறுகதைகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்திருக்கிறார்கள். இப்போதுதான் டிசம்பர் நடுவுக்கு வந்திருக்கிறோம். ஆண்டு முடியாமலே 'ஆண்டின் சிறந்த' என்று எப்படிச் சொல்வது? அதனால் தலைப்பைக் கொஞ்சம் திருப்பிக்கொள்கிறேன். நவம்பர் கடைசியிலேயே 'ஆண்டின் சிறந்த கதைகள்' என்று பட்டியல் போட்டு முடித்த பிறகு வந்து நிற்கிற டிசம்பர் கதைகளைப் பற்றிப் பேசுகிறேன். அமைப்பாளர்கள் கோபிக்கக் கூடாது.

நம் பத்திரிகைகளுக்குத் தீபாவளி மலர்தான் ஆண்டின் உச்சி. பேர்பெற்றவர்களிடம் மாதங்களுக்கு முன்பே கதை கேட்டு வாங்கிவிடுவார்கள். வழவழத் தாள், வண்ண ஓவியம், கோயில் கட்டுரை, நடுநடுவே கதைகள். மலரை எடைக்குப் போட யாருக்கும் மனசு வராது, அட்டை கிழிந்தாலும் பரணில் கிடக்கும். அதற்குப் பின்னால் வருகிற கார்த்திகை, மார்கழி இதழ்களுக்கு அந்த யோகம் கிடையாது. செய்தித்தாள் கட்டோடு கட்டாகப் பழைய பேப்பர் கடைத் தராசில் ஏறிவிடும்.

ஆனால் ஒன்று கவனித்திருக்கிறீர்களா? மலருக்கு ஏற்ற கதை என்று ஒரு வகை உண்டு. பண்டிகை வீட்டில் எல்லோரும் கை மாற்றிப் படிப்பார்கள், யார் மனமும் நோகக் கூடாது, முடிவு மங்கலமாக இருந்தால் நல்லது. டிசம்பர் இதழில் ஆசிரியருக்கு இந்தக் கட்டாயம் எதுவும் இல்லை. புதுப் பெயர்கள் எட்டிப் பார்ப்பதும், கொஞ்சம் கரடுமுரடான கதைகள் இடம் பிடிப்பதும் பெரும்பாலும் அங்கேதான். மலரில் இடம் கிடைக்காமல் மிஞ்சியதைப் போடுகிறார்கள் என்ற பேச்சை நான் நம்புவதில்லை.

டிசம்பர் பிறந்தால் பேச்செல்லாம் புத்தகக் காட்சிதான். 1977இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி இப்போது பொங்கலை ஒட்டி நடக்கிறது. அதற்கு முந்தைய சில வாரங்களில் பதிப்பகங்கள் தொகுப்புகளாக அச்சடித்துத் தள்ளுகின்றன. எழுத்தாளருக்கு மெய்ப்பு பார்க்கும் வேலை, விமர்சகருக்கு முன்னுரை எழுதும் வேலை. ஒரு மாத இதழில் தனியாக வந்த கதையைப் படிக்க யாருக்கு நேரம்? சென்னைக்காரர்களுக்குச் சங்கீத சீசன் வேறு.

போதாததற்கு, நம் பக்கத்து டிசம்பரே ஒரு மாதிரி. 2004இல் 26ஆம் தேதி ஆழிப்பேரலை. 2015இல் மாதப் பிறப்போடு சென்னை வெள்ளம். 2023இல் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, நெல்லைப் பக்கம் பெருமழை. அந்த நாட்களில் கதை படிக்கவில்லை என்றால் அதில் தப்பே இல்லை. ஜனவரியில் திரும்பிப் போய் அந்த இதழ்களை எடுத்துப் பார்த்தோமா என்பதுதான் என் கேள்வி.

இதற்கு நம்மிடமே ஒரு நல்ல வழி இருந்தது. 1970இல் சென்னையில் தொடங்கிய இலக்கியச் சிந்தனை அமைப்பைச் சொல்கிறேன். மாதாமாதம் பத்திரிகைகளில் வந்த கதைகளைப் படித்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். அப்படிச் சேர்ந்த பன்னிரண்டில் ஒன்று ஆண்டின் சிறந்த கதை. பன்னிரண்டும் புத்தகமாகவும் வரும். இந்த ஏற்பாட்டில் டிசம்பர் கதைக்கும் ஜனவரி கதைக்கும் ஒரே தகுதி. யாரோ ஒருவர் அந்த மாதத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு படித்தே ஆக வேண்டும் அல்லவா? ஒரு குறையும் உண்டு. மலர்கள் குவிகிற மாதத்தில் நாலு நல்ல கதை வந்தாலும் ஒன்றுக்குத்தான் இடம், வறண்ட மாதத்தில் சுமாரானதும் தேறிவிடும். இருந்தாலும், நவம்பர் கடைசியில் உட்கார்ந்து நினைவில் நிற்பதை மட்டும் எழுதுகிற பட்டியலைவிட இது எவ்வளவோ மேல்.

வெளியூர்க் கணக்கையும் பார்க்கலாம். அறிவியல் புனைகதைக்கு 1953 முதல் தரப்படும் ஹியூகோ விருதில் வாசகர்களே கதைகளை முன்மொழிகிறார்கள். பொதுவாக முந்தைய ஜனவரி முதல் டிசம்பர் வரை வந்த கதைகள் அதில் சேரும். முன்மொழிவு அடுத்த ஆண்டின் முதல் சில மாதங்களில் நடக்கும். ஜனவரிக் கதைக்கு ஓராண்டுக்கு மேல் வாய்ப்பு, டிசம்பர் கதைக்கு இரண்டு மூன்று மாதம்தான். அந்த அளவாவது கிடைக்கிறதே! நம் பட்டியல்காரர்கள் அதையும் தருவதில்லை. சாகித்திய அகாதெமி புத்தகங்களுக்குத்தான் விருது தருகிறது என்றாலும் அவசரப்படுவதில்லை. 2023ஆம் ஆண்டு விருதுக்கு 2017 முதல் 2021 வரை வந்த நூல்களைத்தான் எடுத்துக்கொண்டார்கள். 2021 டிசம்பர் கடைசியில் வந்த புத்தகத்துக்கும் கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு கிடைத்தது.

சரி, நாம் என்ன செய்யலாம்? பட்டியல் போடுகிறவர்கள் பொங்கல் கழித்துப் போடட்டும். ஒரு மாதம் தள்ளிப்போனால் குடி முழுகிவிடாது. அதுவரை பொறுக்க முடியாதவர்கள், 'நவம்பர் வரை படித்தவை' என்று தலைப்பிலேயே சொல்லிவிடலாம். டிசம்பர் இதழில் ஒரு கதை பிடித்திருந்தால் எழுதியவருக்கு இரண்டு வரி எழுதுங்கள். பத்திரிகை அலுவலகத்துக்கு அனுப்பினாலும் போதும், ஆசிரியரும் பார்ப்பார்.

நம் வட்டத்துக்கு ஒரு வேண்டுகோள். இந்த மாதத்து இதழ்களைப் பொங்கல் வரை பழைய கட்டில் சேர்க்க வேண்டாம் என்று நூலகரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். ஆளுக்கு ஓர் இதழ் எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரிக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் ஒரு டிசம்பர் கதையைச் சொல்ல வேண்டும், பிடிக்காத கதையானாலும் சரி. அந்த இதழ்களைப் புரட்டிய பிறகு, இந்த ஆண்டின் சிறந்த கதைகளைப் பற்றி என்னைக் கேளுங்கள், பேசுகிறேன்.